தொட்டும் தொடாமலும்

பாகங்கள் ஒன்றையொன்று தொடும்போது என்ன ஆகும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்க்கிறோம். திரையில் ஒரு எஃகுத் தண்டு, தகட்டின் துளைக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. தண்டின் மேல் சுமையை ஏற்றிக் கணக்கை ஓட விட்டால், சில நிமிடங்களில் ‘தீர்வு குவியவில்லை’, அதாவது திரும்பத் திரும்பக் கணக்கிட்டும் ஒரே விடையில் வந்து நிற்கவில்லை என்று நின்றுவிடுகிறது. இன்னும் வேடிக்கையான நாட்களில் தண்டு பல கிலோமீட்டர் தள்ளிப் பறந்து போயிருக்கும். உடனே சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலான சால்வரின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திருகத்தான் கை பரபரக்கும். அதைத் தொடுவதற்கு முன், சுமை ஏறாத முதல் நொடியைப் பார்க்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஃபைனைட் எலிமென்ட் முறையில் ஒவ்வொரு பாகத்தையும் எலிமென்ட் எனும் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றைக் கணுக்கள் எனும் புள்ளிகளில் இணைக்கிறோம். இந்த வலைப்பின்னலைத்தான் மெஷ் என்கிறோம். தண்டு ஒரு மெஷ், தகடு இன்னொரு மெஷ். இரண்டுக்கும் பொதுவான கணு ஒன்றுகூடக் கிடையாது. நாம் சொல்லாதவரை தண்டு தகட்டுக்குள் பேய் மாதிரி புகுந்து போகும். கணினிக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை. அதனால் இந்தப் பரப்பும் அந்தப் பரப்பும் ஒரு ஜோடி என்று தனியாகச் சொல்கிறோம். அப்புறம் கணக்கைத் திருத்தித் திருத்திப் போடும் ஒவ்வொரு சுற்றிலும் யார் யாருக்குள் புகுந்திருக்கிறார்கள் என்று கணினி தேடிப் பார்க்கும்.

புகுந்த இடத்தில் என்ன செய்வது? அதிகம் புழங்கும் வழி, அங்கே ஒரு கற்பனை ஸ்பிரிங்கை வைப்பது. ஊடுருவல் எவ்வளவோ அதற்கேற்ற விசையில் அது வெளியே தள்ளும். கொஞ்சமாவது புகுந்தால்தான் ஸ்பிரிங் வேலை செய்யும் என்பதால், இந்த முறையில் சிறு ஊடுருவல் எப்போதும் மிஞ்சும். ஊடுருவலே கூடாது என்றால், தொடுவிசையையே தெரியாத எண்ணாக வைத்துத் தீர்க்கும் லக்ராஞ்ச் முறை உண்டு. அதில் சமன்பாடுகள் கூடும், சால்வரும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

சரி, முதல் நொடிக்கு வருவோம். தண்டுக்கும் துளைக்கும் நடுவே 0.01 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு இரண்டும் ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும். ஆனால் ஸ்பிரிங் இன்னும் முளைக்கவில்லை. தண்டைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லாதபோது விசையைக் கொடுத்தால் அது எவ்வளவு நகரும்? அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. எவ்வளவு விசைக்கு எவ்வளவு நகரும் என்பதைச் சொல்லும் எண் அட்டவணையான விறைப்பு அணியைத் தலைகீழாக்க முடியாமல் கணக்கு நிற்கிறது. கணினி எண்களைத் தோராயமாக்கும் சிறு பிழையால் தப்பித் தவறி ஒரு விடை வந்தால், அதுதான் அந்தப் பல கிலோமீட்டர் பயணம். முதல் படியில் விசைக்குப் பதிலாகச் சிறு இடப்பெயர்ச்சியைக் கொடுத்துத் தண்டைத் தொட வைத்துவிட்டு, அப்புறம் விசைக்கு மாறினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அசைவை மெதுவாக்கும் மெல்லிய செயற்கைத் தணிப்பையும் சேர்க்கலாம். ஆனால் அது விழுங்கும் ஆற்றல், பாகங்கள் உருமாறுவதால் அவற்றில் சேரும் திரிபு ஆற்றலோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமாக இருக்கிறதா என்று பார்க்காமல் விடையை நம்பக் கூடாது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. தண்டின் ஆரம் 10 மி.மீ., துளையின் ஆரம் 10.02 மி.மீ. வரைபடத்தில் எல்லாப் பக்கமும் 0.02 மி.மீ. இடைவெளி. துளையின் சுற்றளவை 24 நேர்க்கோட்டுத் துண்டுகளாக மெஷ் செய்தால் அது வட்டமல்ல, 24 பக்கப் பலகோணம். ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியும் உண்மையான வட்டத்தைவிடச் சுமார் 0.086 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கும். தண்டின் கணு அதற்கு நேரே அமைந்துவிட்டால், சுமையே இல்லாமல் 0.066 மி.மீ. ஊடுருவல்! சால்வர் அதை வெளியே தள்ளப் பார்க்க, யாரும் கேட்காத அழுத்தம் பிறக்கிறது. துண்டுகளை இரட்டிப்பாக்கினால் அந்த 0.086 ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகும். அப்போதும் அது 0.02-ஐவிட ஒரு நூல் கூடுதல்தான். இன்னும் நுணுக்கமான மெஷ் அல்லது வளைந்த விளிம்புள்ள எலிமென்ட் வேண்டும்.

தொடக்கம் சரியாக இருந்தும் குவியவில்லை என்றால், எந்தக் கணு தொடுகிறது, எது தொடவில்லை என்ற தொடுகை நிலை சுற்றுக்குச் சுற்று மாறுகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் மிக விறைப்பாக இருந்தால் ஒரு சுற்றில் புகுந்த கணுவை அடுத்த சுற்றில் தூக்கி எறிந்துவிடும். மறுசுற்றில் அது மறுபடி உள்ளே. இந்தக் கண்ணாமூச்சிக்கு முடிவே வராது. விறைப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து ஓட்டுங்கள். மிஞ்சும் ஊடுருவல், பாகத்தின் உருமாற்றத்தோடு பார்க்கையில் அற்பமாக இருந்தால் போதும். சுமையைச் சிறு படிகளாக ஏற்றுவதும் உதவும்.

முதலில் உராய்வை எடுத்துவிட்டு ஓட்டிப் பார் என்று பலரும் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பாகத்தை நிறுத்தி வைத்திருப்பதே உராய்வு என்றால், அதை எடுத்த அடுத்த கணம் தண்டு மறுபடி பறந்துவிடும்.

கணக்கு குவிந்த பிறகும் தொடு அழுத்தப் படத்தை ஒரு முறை உற்றுப் பாருங்கள். சீராகப் பரவ வேண்டிய நிறம் அங்கங்கே புள்ளி புள்ளியாகத் தெறித்திருந்தால், அது பெரும்பாலும் அந்தப் பலகோண மெஷ்ஷின் வேலைதான். பரப்பு முழுவதும் உள்ள அழுத்தத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்த விசை நீங்கள் கொடுத்த சுமைக்குச் சமமாகவே வரும். அந்தப் புள்ளிகளின் உச்ச எண்ணை மட்டும் எடுத்து அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.