கல்லீரலில் தொடங்கும் முட்டை

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகள் ஆசைப்பட்டாள் என்று பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி ஒன்றை வளர்க்கிறோம். குட்டியாக வந்த நாளிலிருந்து தனியாகத்தான் இருக்கிறது. போன வாரம் முப்பதுக்கும் மேல் முட்டை போட்டுவிட்டது. இணையே இல்லாமல் எப்படி? வீட்டுக்கு ஆகாது, ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் மாமியார்."

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: சேவலையே பார்க்காத பண்ணைக் கோழியின் முட்டையில்தான் நாம் தினமும் ஆம்லெட் போடுகிறோம். அதில் இல்லாத தோஷம் இதில் எங்கிருந்து வரும்? பல்லி விழுந்த பலனைப் பஞ்சாங்கத்தில் தேடும் பழக்கத்தால் கடைசியில் அடிபடுவது வாயில்லா ஜீவன்தான். மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த விலங்கை ஏரிக்கரையில் விடுவது அதற்கும் கேடு, நம் ஊர் உயிர்களுக்கும் கேடு.

பொதுவாக முட்டைக்குள் கரு உண்டாகத்தான் ஆண் வேண்டும். முட்டை போட வேண்டியதில்லை. வயதுக்கு வந்த பெண் இகுவானாவுக்குப் பகல் நீளமும் வெப்பமும் தீனியும் சரியாக அமைந்தால் பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோனை விடும். சினைப்பை வேலையைத் தொடங்கும். இதெல்லாம் பள்ளிப் பாடம். இதற்குப் பிறகு நடப்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மஞ்சள் கருவுக்கான சரக்கு தயாராவது கல்லீரலில்! வளரும் கருமுட்டையைச் சுற்றியுள்ள செல்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது இரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய், அதுவரை மூடிக் கிடந்த ஒரு மரபணுவைத் திறந்துவிடுகிறது. உடனே கல்லீரல் விட்டெல்லோஜெனின் என்ற பெரிய புரதத்தைக் கொட்டத் தொடங்கும். அமினோ அமிலம், கொழுப்பு, பாஸ்பரஸ், கால்சியம் என்று கருவுக்கு வேண்டிய பலவும் கட்டுச்சோறு மாதிரி இந்த ஒரே மூலக்கூறில் ஏற்றப்பட்டிருக்கும். இந்தச் சமயத்தில் இரத்தம் எடுத்துச் சுழற்றி வைத்தால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய பிளாஸ்மா பெரும்பாலும் வெள்ளையாகக் கலங்கியிருக்கும். கால்சியம் அளவும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். விவரம் அறியாதவர் நோய் என்றே நினைத்துவிடுவார்.

கருமுட்டையின் மேற்பரப்பில் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. பிடித்ததும் அந்த இடத்தில் சவ்வு உள்நோக்கிக் குழியும். சிறு பையாகக் கிள்ளிப் பிரிந்து, சரக்கோடு உள்ளே போகும். அங்கே புரதம் துண்டுபட்டு மஞ்சள் கருவாகச் சேரும். சில மில்லிமீட்டரே இருந்த கருமுட்டை பல மடங்கு பெருப்பது இப்படித்தான். விந்தணு என்ற பேச்சே எழுவதற்கு முன்பு, பிறக்கப் போகும் குஞ்சுக்கான உணவு முழுவதும் தயார்.

இன்னொரு அதிசயம்: இந்த மரபணு ஆணின் கல்லீரலிலும் இருக்கிறது. ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் அதன் கல்லீரலும் மஞ்சள் கருப் புரதத்தைச் சுரக்கும். போய்ச் சேர முட்டைதான் இருக்காது. 1990களில் பிரிட்டனில் கழிவுநீர் கலக்கும் ஆறுகளில் வாழ்ந்த ஆண் மீன்களின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். தண்ணீரில் பெண் ஹார்மோனைப் போல் செயல்படும் பொருள்கள் கலந்திருப்பதை மீன்களே காட்டிக்கொடுத்தன. பல்லியும் தவளையும் முட்டையிடுவதை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பெல்லந்தூர் ஏரி கழிவுநீரால் நுரை தள்ளி ரோட்டுக்கு வந்ததைப் பார்த்த ஊர் நம் பெங்களூரு. இந்திய அறிவியல் கழகம் இருக்கும் ஊரும் இதுதான். இப்படிப்பட்ட அடிப்படை உயிரியலுக்கு அரசு தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும், ஏரி மீன்களை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும்.

மஞ்சள் கரு நிறைந்ததும் கருமுட்டை சினைப்பையை விட்டு முட்டைக்குழாயின் அகன்ற வாய்க்குள் இறங்கும். விந்தணு சேர்வதானால் இங்கேயே, ஓடு மூடுவதற்குள் சேர வேண்டும். சேர்ந்ததா இல்லையா என்று குழாய் காத்திருப்பதில்லை. கீழே இறங்க இறங்க நார்ச்சவ்வும் மெல்லிய சுண்ணாம்பும் ஏறி, முழு முட்டையாக வெளியே வந்துவிடும். இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்: கரு வளரும் முட்டையில் சிவந்த இரத்த நாளங்கள் தெரியும், கூமுட்டை ஒரே மஞ்சளாக இருந்து, பிறகு சுருங்கிப் பூசணம் பிடிக்கும்.

ஆணில்லாமல் வந்ததெல்லாம் கூமுட்டை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. பல இனங்களில் பெண் பல்லி விந்தணுவை மாதக்கணக்கில் உடலில் சேமித்து வைக்கும். விந்தணுவே இல்லாமலும் கரு வளர்வதுண்டு: 2006இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிசாலையில், ஆணோடு சேராத ஃபுளோரா என்ற கொமோடோ டிராகனின் (இதுவும் ராட்சதப் பல்லிதான்) முட்டைகளில் கரு வளர்ந்தது. பொரித்த குஞ்சுகள் எல்லாம் ஆண். பூந்தொட்டி மண்ணைக் கிளறும்போது மண்புழு என்று நாம் நினைத்துவிடும் புழுப்பாம்பு இனத்தில் ஆணே கிடையாது.

உங்கள் இகுவானாவைப் பற்றி என் கவலை வேறு. இத்தனை முட்டைக்கும் வேண்டிய கால்சியம் தீனியில் கிடைக்காவிட்டால் எலும்பிலிருந்து உருவப்படும். அடுக்குமாடி ஜன்னல் கண்ணாடி, வெயிலில் உள்ள புற ஊதா பி கதிரை வடிகட்டிவிடும். அந்தக் கதிர் படாவிட்டால் வைட்டமின் டி போதாமல், தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டாது. கால்சியம் குறைந்தால் முட்டைக்குழாய்த் தசை சுருங்காமல் முட்டை உள்ளேயே தங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. அந்தக் கதிரைத் தரும் யுவிபி விளக்கு போடுங்கள். பாலக்கைக் குறையுங்கள், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பு முழுதும் நுழைந்து தோண்டும் அளவுக்கு ஈரமணல் பெட்டி ஒன்று அடுத்த பருவத்துக்கு முன் தயாராக இருக்கட்டும். தோண்டித் தோண்டிப் பார்த்தும் முட்டை வராமல் சோர்ந்து படுத்தால், ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டு போங்கள்.