பேர் கொடுத்துட்டேன், எப்படி ஓடாம இருக்கிறது?

மதுரையில் நன்கொடைக்காக நடக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டங்களைப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில்தான் வைப்பார்கள். அதற்கு முந்தின புதன், வியாழனில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வேண்டுகோளோடு வருவார்கள். "ஞாயித்துக்கிழமை மட்டும் ஓடிட்டா போதும். ஏதாவது பண்ணி விடுங்க."

இந்த மாசியில் அப்படி வந்தவர் ஒத்தக்கடைத் தம்பி ஒருவர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வயது 26, மொபைல் கடையில் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். ஓட்டம் ஏழைக் குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்காக. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி 14 ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கொடுத்திருந்தார். போன வருஷம் 55 நிமிஷத்தில் முடித்தவர், இந்த முறை 50க்குள் வந்துவிட வேண்டும் என்று யானைமலை அடிவாரத்தில் ரெண்டு மாதமாகத் தினமும் ஓடியிருக்கிறார்.

"வலிக்கிற இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்க தம்பி" என்றேன். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் உள்பக்க விளிம்பில், ஆட்காட்டி விரலை வைத்தார். யோசிக்கவே இல்லை, இடம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது. நான் கட்டை விரலால் மெல்ல அழுத்தியதும் அவருடைய கால்விரல் ஐந்தும் சுருண்டுகொண்டன. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். ரெண்டாவது குதிப்பிலேயே மேஜையைப் பிடித்துக்கொண்டார். இந்த வலியோடு எப்படி ஓடினீர்கள் என்று கேட்டபோது பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். பத்தில் ஆறு காலி. "இதைப் போட்டுட்டு ஓடினா ஒண்ணும் தெரியலக்கா."

புதிதாக ஓடுகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே வலி வருவது சகஜம். காட்டச் சொன்னால் உள்ளங்கையால் மேலும் கீழும் நீவிக் காட்டுவார்கள். வலி நாலைந்து விரற்கடைக்காவது பரவியிருக்கும், உடம்பு சூடானால் கொஞ்சம் அடங்கும். அது எலும்பை ஒட்டிய சதையும் சவ்வும் இழுபடுகிற வலி. ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் ஒரே விரலால் காட்ட முடிகிற வலி, ஓட ஓடக் கூடுகிற வலி, ராத்திரி படுத்த பிறகும் குடைகிற வலி வேறு ரகம். எலும்பில் மயிரிழை விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பது இதுதான். கீழே விழவேண்டியதில்லை, அடிபடவேண்டியதில்லை.

இது ஏன் நாலாவது, ஐந்தாவது வாரத்தில் வந்து நிற்கிறது என்பதை நான் எல்லாரிடமும் உட்காரவைத்துச் சொல்வேன். ஓட ஆரம்பித்த ரெண்டு மூன்று வாரத்திலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிடும். தொடையும் கெண்டைக்காலும் பழகிவிடும். நமக்கும் ஒரு தெம்பு வரும், இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போகலாம் என்று தோன்றும். எலும்பு அந்த வேகத்தில் பழகாது. அது தன்னைப் பலப்படுத்திக்கொள்ள முதலில் களைத்த பகுதியைத் தானே அரித்து எடுக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். பழைய ஓட்டுவீட்டுக்குச் சுவர் மாற்றுகிறவர்கள் இடித்துவிட்டுத்தானே எழுப்புகிறார்கள், அப்படி. அரிப்பு சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நாம் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டுகிறோம்.

தம்பி வியாழக்கிழமை எக்ஸ்ரே எடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போன் செய்தார். "அக்கா, ஒண்ணும் இல்லைனு சொல்லிட்டாங்க!" முதல் ரெண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமலே போகலாம். எலும்பு டாக்டரிடம் அனுப்பி வெள்ளிக்கிழமை எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தெரிந்தது, அவர் விரல் வைத்த அதே இடத்தில்.

மாத்திரை விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவது ரொம்பப் பேருக்கு வழக்கமாகிவிட்டது. வெயிலில் ஓடும்போது ரத்தம் தோலுக்கும் சதைக்கும் திரும்பிவிடும், சிறுநீரகத்துக்குப் போவது குறையும். அப்போது சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களை விரித்து வைத்திருப்பது உடம்பே சுரக்கும் ஒரு பொருள்தான். வலி மாத்திரை முடக்குவது அந்தச் சுரப்பையேதான். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் இது சிறுநீரகத்தைத் திடீரென்று பழுதாக்கலாம். மாசியிலேயே நம் ஊரில் ஏழரை மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறிவிடுகிறது. தயவுசெய்து இந்த மாத்திரையை ஓட்டத்துக்கு முன்னால் போடாதீர்கள். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்றால் அன்றைக்கு ஓடவே வேண்டாம்.

பெண்களிடம் நான் இன்னொன்றும் கேட்பேன்: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? பாத எலும்பில் விரிசலோடு வந்த கல்லூரி ஆசிரியை ஒருவருக்கு மூன்று மாதமாக வரவில்லை. எடை குறைய வேண்டும் என்று காலையில் வெறும் காபியோடு ஓடியிருக்கிறார். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் மாதவிலக்கு தள்ளிப்போகும், எலும்பும் தேயும். கர்ப்பமில்லாமல் மூன்று மாதம் நின்றுபோனால் டாக்டரைப் பாருங்கள். அதை ஓட்டத்தால் வந்த சாதாரண மாற்றம் என்று விட்டுவிடாதீர்கள்.

அதே ஓட்டத்தில் நானும் ஓடினேன். என் பழைய நேரம் 1 மணி 3 நிமிஷம், இந்த முறை 58 நிமிஷம் 40 விநாடி. நாற்பத்தியொரு வயதில் இது எனக்குப் பெரிய சந்தோஷம். பயிற்சியில் அதிசயம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள்தான் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓடினேன். அதில் ரெண்டு நாள், கூட ஓடுகிற தோழியோடு வீட்டுக் கதை பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். ஒரு நாள் மட்டும் வேகமாக. மற்ற நாளில் மாடிப்படி ஓரத்தில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கினேன். நாலு வாரத்துக்கு ஒரு வாரம் தூரத்தைப் பாதியாக்கினேன். வாரம் பத்து சதவீதம் கூட்டினால் காயம் வராது என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஆய்வில், அந்தக் கணக்குப்படி கூட்டியவர்களிலும் மற்றவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம் வந்தது. அதனால் நான் கணக்கைவிட விரலால் அழுத்திப் பார்ப்பதைத்தான் நம்புகிறேன். தினமும் காலையில் எலும்பின் உள்விளிம்பு நெடுக அழுத்திப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

ஓட்டத்தன்று முதல் கிலோமீட்டரில் நூறு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். கென்யாவின் மாரத்தான் வீரர் கிப்சோகே 2019இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில் ஓடியபோது ஒவ்வொரு கிலோமீட்டரும் 2 நிமிஷம் 48 விநாடிக்கும் 52 விநாடிக்கும் நடுவில்தான் இருந்தது. அந்தச் சீரான ஓட்டத்தைத்தான் மனதில் வைத்துக்கொண்டேன். தல்லாகுளம், புதூர் வழியாக அழகர்கோவில் சாலை, சித்திரையில் அழகரை எதிர்சேவை செய்து வரவேற்கிற அதே சாலை. முதல் கிலோமீட்டர் 6 நிமிஷம் 5 விநாடி, கடைசி 5 நிமிஷம் 30.

மூன்றுமாவடியில் தண்ணீர் மேஜைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்தார், காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு. சனிக்கிழமை சாயங்காலம் வரை என்னோடு வாதாடியவர். "பேர் கொடுத்துட்டேன், அத்தனை பேர்கிட்ட காசு வாங்கிட்டேன், எப்படிக்கா ஓடாம இருக்கிறது?" இந்தப் பேச்சை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அதில் இருக்கிற நாணயத்தை மதிக்கிறேன், அதனாலேயே பயப்படுகிறேன். காசு கொடுத்தவர்கள் குழந்தைகளுக்காகக் கொடுத்தார்கள். அந்த 14 ஆயிரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் 50 நிமிஷத்தில் ஓடினாலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அதில் ஒரு ரூபாய் குறையப்போவதில்லை. இதைத்தான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அமைப்பாளர்களிடம் அவரே போய்ப் பேசி அந்த மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒன்பதாவது வாரம் வந்தார். அதே இடத்தில் அழுத்தினேன், முகம் மாறவில்லை. ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தார், மேஜையைத் தொடவே இல்லை. ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, இப்படிப் பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று எழுதிக் கொடுத்தேன். சீட்டை மடித்துக்கொண்டே, "50 நிமிஷம் எப்பக்கா?" என்று கேட்டார். தை வரட்டும் என்றேன்.