கத்தரி படாத குல்லா: கண்ணி குறைக்கும் கணக்கு

திருப்பூரில் பனியன் துணியை வட்ட இயந்திரத்தில் பின்னி, பிறகு வெட்டித் தைத்து உருவம் கொடுக்கிறார்கள். கையால் பின்னும் கம்பளிக் குல்லாவில் கத்தரிக்கு வேலை இல்லை. உச்சி குவிவதற்காகப் பின்னும்போதே கண்ணிகளை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை, குறைத்துக்கொண்டு போகிறோம்.

எத்தனை கண்ணியை, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை குறைப்பது? மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி அளந்தால் விடை கிடைத்துவிடும். 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணியின் அகலம் 0.5 செ.மீ., உயரம் 0.36 செ.மீ. தட்டையான வட்டத்தில் ஒரு சுற்று உள்ளே வந்தால் ஆரம் 0.36 செ.மீ. குறையும். சுற்றளவு அதைப்போல் 6.28 மடங்கு, அதாவது சுமார் 2.25 செ.மீ. குறைய வேண்டும். கண்ணியில் சொன்னால் நாலரை. இரண்டு சுற்றுக்கு 8 கண்ணி குறைக்கும் பழக்கம் இந்தக் கணக்குக்குச் சற்று உள்ளேயே நிற்கிறது. அதனால் உச்சி லேசாகக் குவிந்து தலையில் படியும். சுற்றுதோறும் 8 குறைத்தால் துணி சுருக்குப்பை போலக் கொசுவும். நாலு சுற்றுக்கு ஒருமுறை குறைத்தால் கூம்புத் தொப்பிதான்.

96 கண்ணிக் குல்லாவை 12 கண்ணி வீதம் 8 பாகமாகப் பிரித்து, எல்லைகளில் அடையாள வளையம் மாட்டுங்கள். 13 செ.மீ. பின்னியபின் குறைக்கத் தொடங்கலாம். முதல் சுற்றில் ஒவ்வொரு பாகத்திலும் 10 நிட் (சாதாரண நேர்ப் பின்னல்), பிறகு இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரு நிட். அடுத்த சுற்று வெறும் நிட். அதற்கடுத்து 9 நிட், இரண்டு சேர்த்து ஒன்று. குறைப்புச் சுற்று முடிந்ததும் எண்ணிப் பாருங்கள்: 88, 80, 72... எட்டால் வகுபடாவிட்டால் எங்கோ ஒரு குறைப்பு விட்டுப்போயிருக்கும்.

இரண்டைச் சேர்க்கும்போது ஊசி முதலில் நுழைவது இடப்பக்கக் கண்ணிக்குள். அதனால் அது மேலே ஏறி, வலப்பக்கம் சாய்கிறது. எட்டு பாகத்திலும் இதையே செய்தால் உச்சியில் சுழல் கோடுகள் விழும், அழகுதான். சுழல் வேண்டாமென்றால் நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்தில் இடச்சாய்வும் முடிவில் வலச்சாய்வும் போட வேண்டும்.

இடச்சாய்வுக்கு இரண்டு கண்ணிகளையும் ஒவ்வொன்றாக, நிட் போடுவதுபோல் ஊசி நுழைத்து, பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றுங்கள். இடது ஊசியை இரண்டின் முன்பக்கமாகச் செருகிச் சேர்த்துப் பின்னுங்கள். ஒன்றாக மாற்றாதீர்கள், இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. நேராக நுழைத்து மாற்றினால் கண்ணி திரும்பாது. பின்னும்போது அடியில் முறுக்கிக்கொள்ளும். சரியாகச் செய்தாலும் இந்தப் பக்கம் படிக்கட்டுபோலத் தொளதொளவென்று தெரியலாம். மாற்றும்போது கண்ணி இழுபட்டு நீள்வதே காரணம். அடுத்த சுற்றில் அந்தக் கண்ணியைப் பின்பக்க இழை வழியாகப் பின்னினால் மிச்ச நூல் இறுகிவிடும்.

கண்ணி குறையக் குறைய வட்ட ஊசி (வளையும் கம்பியால் இணைத்த இரு ஊசிமுனைகள்) சுற்றிவர எட்டாது. இழுத்துப் பிடிக்காமல், இருமுனை ஊசிகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மூன்று குறைப்புகளுக்கு நடுவே வெறும் சுற்று வேண்டாம். போட்டால் உச்சியில் சின்னக் கொம்பு துருத்தும். 8 கண்ணி மிஞ்சியதும் நூலை 20 செ.மீ. விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியில் கோத்து, எல்லாக் கண்ணி வழியாகவும் இருமுறை ஓட்டி, இறுக்கி, உட்புறம் முடியுங்கள்.