ஸ்வெட்டர் பின்னலுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பத்திரிகையில் வந்த ஷூ விளம்பரம் ஒன்றில் "காப்புரிமை பெற்ற பின்னல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம். "எங்க அம்மா பனிக்காலம் வந்தா ஊசியும் உல்லனுமா உக்காந்துடுவாங்க. பின்னுறதுக்குப் போய் எப்படிங்க ஒரு கம்பெனி காப்புரிமை வாங்க முடியும்?"

முடியாது. அம்மா தாராளமாகப் பின்னட்டும். புதிதாகவும், அந்தத் துறை தெரிந்தவருக்கே சட்டென்று தோன்றாததாகவும் இருக்கிற ஒரு பொருளுக்கோ முறைக்கோதான் காப்புரிமை. அதுவும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான். பரம்பரையாக வரும் கைவேலைக்கு நம் சட்டத்தில் காப்புரிமை கிடையாது. தோடர் பூவேலைக்கு 2013-ல் கிடைத்தது புவிசார் குறியீடு. அது வேறு சட்டம், காப்பது பெயரை.

விளம்பரத்தில் "காப்புரிமை" என்ற சொல்லைப் பார்த்தால் பக்கத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் காசு கொடுக்காமலே தேடிப் பார்க்கலாம். விண்ணப்பம் போட்டதையே வாங்கிவிட்டதாக எழுதுகிறவர்கள் உண்டு. அப்படிப் பொய்யாகச் சொன்னால் சட்டத்தின் 120-வது பிரிவில் அபராதம். உண்மையாகவே வாங்கியிருந்தாலும், அந்தச் சரக்கு புதிது என்றுதான் அர்த்தம். நல்ல சரக்கா என்பதைக் காப்புரிமை அலுவலகம் பார்ப்பதில்லை.

சரி, பின்னலில் புதிதாகக் கண்டுபிடிக்க என்னதான் இருக்கிறது? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

நெசவில் பாவு, ஊடை என இரண்டு வரிசை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பின்னலில் ஒரே நூல் போதும். பழைய கண்ணிக்குள், அதாவது நூல் வளையத்துக்குள், புதுக் கண்ணியை இழுத்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். ஸ்வெட்டர் இழுபடுவதும், ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகப் பிரிவதும் இதனால்தான்.

இதை இயந்திரத்தால் முதலில் செய்தவர் இங்கிலாந்தின் கால்வர்ட்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ, 1589-ல். கையால் பின்னிப் பிழைப்பவர்கள் வயிற்றில் அடிக்கும் என்று முதலாம் எலிசபெத் ராணி காப்புரிமை தர மறுத்ததாகக் கதை. லீயின் ஊசிக்கு வளைந்த நீண்ட கொக்கி உண்டு. புது நூலைக் கொக்கிக்குள் வாங்கியபின், பழைய கண்ணி மாட்டிக்கொள்ளாமல் வெளியேற வேண்டுமென்றால் கொக்கியின் வாயை மூட வேண்டும். அதற்கென்றே ஒரு பட்டை வந்து கொக்கியை அழுத்தும். ஒவ்வொரு வரிசைக்கும் இந்தக் கூடுதல் வேலை.

சுமார் இரண்டரை நூற்றாண்டு இப்படியே ஓடியது. இடையில், 1806-ல், பிரான்சில் பியர் ஜாந்தோ வேறு மாதிரி ஓர் ஊசிக்குக் காப்புரிமை எடுத்தார், ஆனால் அது புழக்கத்துக்கு வரவில்லை. 1840-களின் கடைசியில் லெஸ்டர் நகரத்து மேத்யூ டவுன்செண்ட் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். லாட்ச் ஊசி என்று பெயர். கொக்கிக்குக் கீழே, ஊசியின் தண்டில், கீலில் ஆடுகிற குட்டி நாக்கு. மேலே மடங்கினால் கொக்கியை மூடும், கீழே சாய்ந்தால் திறக்கும்.

அந்த நாக்கை ஆட்டுவது யார்? அங்கேதான் அழகு. ஸ்பிரிங் இல்லை, மோட்டார் இல்லை.

ஒரே ஓர் ஊசியைக் கவனியுங்கள். பழைய கண்ணி கொக்கிக்குள் இருக்கிறது. அடியில் ஏற்கெனவே பின்னிய துணி அந்தக் கண்ணியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. இப்போது ஊசி மேலே ஏறுகிறது. கண்ணி இருந்த இடத்திலேயே இருப்பதால் ஊசித் தண்டின் மேல் கீழே வழுக்குகிறது. வழியில் நாக்கு. கண்ணி அதைத் தள்ளித் திறந்து, தாண்டி, தண்டுக்குப் போய்விடுகிறது. திறந்த கொக்கியில் புது நூல் விழுகிறது. ஊசி இறங்குகிறது. அதே பழைய கண்ணி இப்போது நாக்கின் அடியில் மாட்டி, அதை மேலே தூக்கிக் கொக்கியைச் சாத்திவிட்டு, மூடிய தலையின்மேல் வழுக்கி வெளியே விழுகிறது. புது நூல் அதன் நடுவே இழுபட்டு அடுத்த கண்ணியாகிறது. ஆடு பட்டிக் கதவை முட்டித் திறந்து உள்ளே போய், வெளியே வரும்போது அதுவே சாத்திவிட்டும் வந்தால் எப்படி இருக்கும்! அப்படித்தான்.

இதில் ஒரு வம்பும் உண்டு. கண்ணி நாக்கைவிட்டுக் கீழே நழுவும் நொடியில் நாக்கு துள்ளி மேலே மூடப் பார்க்கும். மூடிவிட்டால் நூல் கொக்கிக்குள் போகாது, துணியில் ஓட்டை. அதனால் நூலைக் கொண்டுவரும் ஃபீடரையே நாக்குக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள்.

திருப்பூர் பனியன் துணி ஓடுகிற வட்டப் பின்னல் மெஷினுக்குள் இருப்பதும் இதே ஊசிதான். 30 அங்குல டயா (விட்டம்), 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) என்றால் சுற்றி ஏறக்குறைய 2,260 ஊசிகள். 90 ஃபீடர், நிமிடத்துக்கு 25 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நாக்கும் நிமிடத்துக்கு 2,250 தடவை திறந்து மூட வேண்டும். ஏதோ ஒரு நாக்கு தேய்ந்தாலோ வளைந்தாலோ துணி நெடுக ஒரு கோடு விழும். நீடில் லைன் என்பார்கள். மலிவு டி-ஷர்ட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சில நேரம் தெரியும்.

அப்புறம் இன்னொரு வித்தை. ஊசி முழு உயரம் ஏறினால் சாதாரணக் கண்ணி. பாதி ஏறினால் பழைய கண்ணி நாக்கைத் தாண்டாது, திறந்த நாக்கின் மேலேயே தங்கிவிடும். புது நூலும் அதோடு சேர, ஒரே கொக்கியில் இரண்டு கண்ணி, துணி தடிக்கும். ஏறவே இல்லையென்றால் நூல் பின்னால் தாண்டிப் போய்விடும். இந்த மூன்றையும் கலந்துதான் ஸ்வெட்டரின் டிசைன்களில் பெரும்பகுதி வருகிறது.

வாசகி பார்த்த ஷூவின் சூட்சுமமும் இதுதான். கம்ப்யூட்டர் ஒவ்வோர் ஊசிக்கும் தனித்தனியாக உயரம் சொன்னால், ஒரே துண்டில் விரல் பக்கம் காற்றோட்டமான வலை, குதிகால் பக்கம் இறுக்கம் என்று பின்னலாம். வெட்டி வீணாகும் துண்டும் குறையும். நைக்கி 2004-ல் இப்படிப்பட்ட மேற்பகுதிக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தது. 2012-ல் ஃப்ளைநிட் என்ற அதன் பின்னல் ஷூ கடைக்கு வந்தது. அடிடாஸ் சும்மா இருக்கவில்லை, பழைய பின்னல் காப்புரிமைகளைத் தோண்டியெடுத்து "இதிலென்ன புதுமை?" என்று கேட்டது. பத்து வருஷம் இழுத்து, 2022-ல் இரண்டு கம்பெனியும் சமரசமாகின.

இங்கே ஊட்டியில் விற்கும் ஸ்வெட்டரில் பாதிக்கு மேல் அக்ரிலிக்தான் என்று நினைக்கிறேன். ஆனால் கூடலூர் போகும் சாலையில், சாண்டிநல்லாவில், நீலகிரிச் செம்மறிக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தென்னிந்திய ஆடுகளில் மெல்லிய கம்பளிக்குப் பேர்போன இனம் அது. கல்லூரிகள் தரவரிசைக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களை எண்ணிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து, இந்தக் கம்பளியை நூலாக்கி எத்தனை கேஜ் வரை ஓட்ட முடியும் என்று யாராவது பார்க்கட்டுமே.