‘நேரச் சிக்கல்’ அன்று, நேரச் செலவு

கணினியியல் பயிலத் தொடங்கியிருந்த மாணவி ஒருவர், அடுத்தடுத்த உறுப்புகளை ஒப்பிட்டு இடம்மாற்றிப் பட்டியலை ஒழுங்குபடுத்தும் குமிழி வரிசையாக்கம் (பபிள் சார்ட்) பற்றிய பாடக்குறிப்பைக் காட்டி, “இதன் நேரச் சிக்கல் அதிகம் என்று போட்டிருக்கிறதே, சிக்கல் எந்த வரியில் இருக்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது?” என்று என்னிடம் கேட்டார். நிரலின் வரிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. ‘டைம் கம்ப்ளெக்சிட்டி’ என்பதற்கு யாரோ சூட்டிய பெயர்தான் அவரை இல்லாத பிழையைத் தேட வைத்தது. இந்தச் சொல்லாக்கத்தைப் பலமுறை பார்த்துச் சலித்த பின்பே இதை எழுதுகிறேன்.

படிமுறை (அல்காரிதம்) ஒன்றுக்குத் தரப்படும் தரவு பெருகப் பெருக, அது செய்ய வேண்டிய அடிப்படைச் செயல்களின் எண்ணிக்கை எவ்வாறு கூடுகிறது என்பதையே அந்தக் கலைச்சொல் குறிக்கிறது. ‘கம்ப்ளெக்சிட்டி’ என்பதன் இலத்தீன் வேருக்குப் பின்னிப் பிணைதல் என்று பொருள். 1965-இல் கணினியியலாளர்கள் ஹார்ட்மானிஸும் ஸ்டேர்ன்ஸும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைக்குப் பின் அச்சொல், கணிப்புக்கு ஆகும் நேரத்தையும் இடத்தையும் ஆராயும் துறையின் பெயராகவே நிலைத்தது. அக்கட்டுரையிலும் அளக்கப்பட்டது கணிப்புக்குப் பிடிக்கும் நேரமே.

தமிழில் சிக்கல் என்றால் நூல் சிக்குண்டு கிடப்பது, அல்லது தீர்க்க வேண்டிய இடர். இவ்விரண்டில் எதுவும் இங்கே பொருந்தாது. குமிழி வரிசையாக்கத்தை எடுத்துக்கொள்வோம்: ஒன்றனுள் ஒன்றாக இரு மடக்குகள் (லூப்), உள்ளே ஓர் இடமாற்றம், அவ்வளவே, அதைவிட எளிய நிரலை எழுதுவது அரிது. ஆயினும் 1,000 உறுப்புகளுக்கு அதன் எளிய வடிவம் 4,99,500 ஒப்பீடுகள் செய்கிறது. உறுப்புகள் 2,000 ஆனால் 19,99,000, அதாவது ஏறத்தாழ நான்கு மடங்கு. மாறாக, இணைப்பு வரிசையாக்கம் (மெர்ஜ் சார்ட்) தன்னைத்தானே அழைத்துப் பட்டியலைப் பிளந்து மீண்டும் இணைப்பது. புதியவர்கள் தடுமாறும் இடமும் அதுவே. அதற்கோ அதே 1,000 உறுப்புகளுக்கு 9,000 ஒப்பீடுகள்கூடத் தேவைப்படுவதில்லை. ஆக, சிக்கலான நிரலுக்குச் சிக்கல் குறைவு என்றும், எளிய நிரலுக்குச் சிக்கல் மிகுதி என்றும் பாடம் நடத்த வேண்டிய நிலைக்கு இச்சொல் ஆசிரியரைத் தள்ளிவிடுகிறது.

‘சிக்கல்தன்மை’ என்று நீட்டினால் குறை தீரும் என்பாரும் உளர். தீராது. தன்மை என்பது ஒரு பொருளின் இயல்பைச் சுட்டும். நாம் சொல்ல வந்ததோ எண்ணிச் சொல்லக்கூடிய அளவு. நினைவகம் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு ‘இடச் சிக்கல்’ என்று எழுதும்போது, உட்கார இடமில்லை என்னும் பொருளே முதலில் மனத்தில் தோன்றுகிறது. அகராதியைத் திறந்து, முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, கருத்து மாணவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பாராத மொழிபெயர்ப்புப் பழக்கத்தின் விளைவு இது. தமிழ்ச் சொல்லாக இருப்பது மட்டும் ஒரு கலைச்சொல்லுக்குப் போதாது.

நான் பரிந்துரைப்பது ‘நேரச் செலவு’, அதற்கு இணையாக ‘இடச் செலவு’. செலவு என்றால் பணம்தான் நினைவுக்கு வரும் என்ற மறுப்பை ஏற்க இயலவில்லை. செல் என்னும் வினையடியிற் பிறந்த இச்சொல்லுக்குப் பயணம் என்பது பழைய பொருள். தலைவன் பிரிந்து செல்லத் துணிந்து பின் தயங்கி நின்றுவிடுவதை அகப்பாடல் மரபு ‘செலவழுங்கல்’ என்றே வழங்குகிறது. நேரம் கழிவதையும் வளம் தீர்வதையும் ஒருசேரச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. அச்செலவு கூடும் வேகத்தை ‘வளர்வீதம்’ எனலாம். 1894-இல் ஜெர்மானியக் கணிதவியலர் பாக்மன் பயன்படுத்திய ‘ஓ’ (O) குறியீடு காட்டுவது அதைத்தான்.

“குமிழி வரிசையாக்கத்தின் நேரச் செலவு, உறுப்புகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்” என்று அந்தக் குறிப்பைத் திருத்திக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அப்படியானால் செலவு குறைந்த முறை எது?” என்று கேட்டார் அம்மாணவி.