ஆஃப்-பீக்: 'ராத்திரி கரண்ட்' அல்ல, சுமை தணிந்த நேரத்துக் கரண்ட்

தென்னாப்பிரிக்காவில் குளிர் இறங்கத் தொடங்கியதும் நம்மவர்கள் வீடுகளில் 'ஆஃப்-பீக்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியா, டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கம் பல தலைமுறையாக இருப்பவர்களும் சொல்வார்கள், வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்த தமிழ்நாட்டுக்காரர்களும் சொல்வார்கள். பெரும்பாலும் அதை 'ராத்திரி கரண்ட்' என்றோ 'மலிவு கரண்ட்' என்றோ புரிந்துகொள்கிறார்கள். இரண்டுமே பாதிதான் சரி. அந்தச் சொல்லின் உண்மையான பொருள் பிடிபட்டால்தான் கீசரை எப்போது போடுவது, ஹீட்டரை எப்போது அணைப்பது என்பதெல்லாம் தெளிவாகும்.

'பீக்' என்றால் கூரான முனை, சிகரம். மலை உச்சிக்கும் அதே சொல்தான். மின்சாரக்காரர்கள் அதை ஒரு கோட்டுப்படத்திலிருந்து எடுத்தார்கள். நாளின் 24 மணி நேரத்தையும் கீழே வரிசையாகக் குறித்து, ஒவ்வொரு மணிக்கும் ஊர் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மேலே புள்ளி வைத்துக் கோடு போட்டால், சில இடங்களில் கோடு செங்குத்தாக ஏறி முனையாக நிற்கும். அந்த முனைதான் பீக். முனையை விட்டு விலகிய நேரம் ஆஃப்-பீக். இந்தச் சொல் ஆங்கிலத்தில் 1900களின் தொடக்கத்தில் எழுந்தது. அன்றைக்கே அது மின்சாரத் தொழிலின் சொல். பேருந்துக்கும் விமான டிக்கெட்டுக்கும் பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் காலத்தில் ஆஃப்-பீக் என்பது பகல். மின்சாரம் பெரும்பாலும் விளக்கெரிக்கவே பயன்பட்ட காலம் அது. சாயங்காலம் இருட்டியதும் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், மின்நிலையம் திணறும். பகலில் அதே இயந்திரங்கள் சும்மா கிடக்கும். சிகாகோவில் மின்நிறுவனம் நடத்திய சாமுவேல் இன்சல் என்பவர் அந்தப் பகல் நேரத்து மின்சாரத்தை டிராம் வண்டிக்காரர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் குறைந்த விலைக்கு விற்றுத்தான் தன் தொழிலைப் பெருக்கினார். போட்ட முதல் அப்படியே இருக்க, சும்மா கிடக்கிற நேரத்துக்கும் வருமானம் வந்தது. ஆக, ஆஃப்-பீக்குக்கும் இரவுக்கும் பிறவிச் சொந்தம் எதுவும் இல்லை. ஊரின் பழக்கம் மாறினால் அந்த நேரமும் மாறும்.

தென்னாப்பிரிக்காவில் இப்போது அந்தக் கோடு இரண்டு இடத்தில் முனை கட்டுகிறது. காலையில் குளியல், கெட்டில், டோஸ்டர் எல்லாம் ஒன்றாக ஓடும்போது ஒன்று. சாயங்காலம் வீடு திரும்பிச் சமையலும் ஹீட்டரும் தொடங்கும்போது இன்னொன்று. ம்புமலாங்கா மாகாணத்து நிலக்கரி மின்நிலையங்கள் நினைத்தவுடன் ஏற்றி இறக்குகிற ஜாதி இல்லை. கொதிகலன் ஆறிவிட்டால் மறுபடி சூடேற மணிக்கணக்காகும். அதனால் நடுராத்திரியிலும் அவை ஓடிக்கொண்டே இருக்கும், வாங்க ஆள் இருக்காது. அந்த உபரி மின்சாரத்தில்தான் டிராக்கன்ஸ்பர்க், இங்குலா போன்ற இடங்களில் கீழ் நீர்த்தேக்கத்துத் தண்ணீரை மேல் தேக்கத்துக்கு ஏற்றி வைக்கிறார்கள். சாயங்கால முனையில் அதே தண்ணீரைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அதுவும் போதவில்லை என்றால் டீசல் எரிக்கிற டர்பைன்கள் இருக்கின்றன. அவற்றில் வருகிற மின்சாரத்துக்கு ஆகிற செலவு மிகக் கடுமை. ஒரே யூனிட்தான், ஆனால் சாயங்காலம் ஆறரைக்கு அதை உண்டாக்க ஆகும் செலவும் அதிகாலை மூன்றுக்கு ஆகும் செலவும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைக் கட்டணத்தில் காட்டுவதுதான் நேரத்துக்கேற்ற கட்டணம்.

தென்னாப்பிரிக்காவின் தேசிய மின்நிறுவனமான எஸ்காமின் நேரக் கட்டணத்தில் மூன்று நிலைகள் உண்டு: பீக், ஸ்டாண்டர்ட், ஆஃப்-பீக். வார நாட்களில் இரவு 10 முதல் காலை 6 வரை ஆஃப்-பீக். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் சிறுபொழுதுகள் நினைவுக்கு வரும். நாளை ஆறாகப் பிரித்த நம் கணக்கில் இரவு 10 முதல் 2 வரை யாமம், 2 முதல் 6 வரை வைகறை. யாமமும் வைகறையும் சேர்ந்தால் எட்டு மணி நேரம், அப்படியே எஸ்காமின் ஆஃப்-பீக். காலை முனை காலை என்ற பொழுதுக்குள் விழுகிறது, மாலை முனை பெரும்பாலும் மாலை என்ற பொழுதுக்குள் விழுகிறது. உலகம் தூங்குகிற நேரம் எது, அடுப்பு மூட்டுகிற நேரம் எது என்பதில் பெரிய மாற்றம் வந்துவிடவில்லை.

சனிக்கிழமையில் பீக் கிடையாது. ஞாயிறு முழுவதுமே ஆஃப்-பீக்காக இருந்தது. 2025 மாற்றத்தில் ஞாயிறு மாலை இரண்டு மணி நேரத்தை ஸ்டாண்டர்ட் நிலைக்குக் கொண்டுபோனார்கள். அதே மாற்றத்தில் காலை முனை மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டாகச் சுருங்கியது, மாலை முனை இரண்டிலிருந்து மூன்றாக நீண்டது. கூரைகளில் சோலார் பெருகிவிட்டதால் பகலில் சுமை குறைகிறது, சூரியன் போனதும் திடீரென்று ஏறுகிறது. கோடு மாறியது, நேரமும் மாறியது.

நாளுக்குள் மட்டும் இல்லை, வருடத்துக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் தேவை மிகுந்த பருவம். அப்போது பீக் விலை ஆஃப்-பீக் விலையைப் போல எட்டு மடங்காக இருந்தது. 2025-ல் அதை ஆறு மடங்காகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் அது பெரிய இடைவெளிதான். இந்த மூன்று மாதத்துக்கு நடுவில்தான் ஆனியும் ஆடியும் வருகின்றன. தமிழ்நாட்டில் ஆடி என்றால் காற்று. இங்கே ஆடி என்றால் குளிர். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற மாதத்தில் ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய ஹைவெல்ட் மேட்டுநிலப் பக்கம் விடிகாலைப் புல்லில் உறைபனி படிந்திருக்கும். கோயிலுக்குப் போகத் தலைக்குக் குளிக்காமல் முடியாது, அதுவும் ஞாயிறு காலை வீட்டில் எல்லோரும். வெந்நீர்ச் செலவு உச்சத்துக்குப் போகிற மாதமும், யூனிட் விலை உச்சத்துக்குப் போகிற மாதமும் ஒன்றே. மார்கழிக்கு இந்தக் கவலை இல்லை. மார்கழி இங்கே நல்ல கோடை.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? பீக் என்பதற்கு 'உச்ச நேரம்' என்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது. நல்ல சொல்தான், ஒரு சிக்கல் உண்டு. நமக்கு உச்சி என்றாலே நடுப்பகல். உச்சி வெயில், உச்சிப்பொழுது, உச்சிக்கால பூஜை. அதனால் மின்சாரத்தைப் பற்றித் தெரியாத ஒருவர் உச்ச நேரம் என்றால் மதியம் பன்னிரண்டு மணி என்று நினைக்க இடமிருக்கிறது. இங்கே மதியம் பீக்கே இல்லை. 'உச்சநேரம்' என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதி, எந்த மணி என்பதையும் பக்கத்தில் குறித்துவிட்டால் குழப்பம் தீரும்.

ஆஃப்-பீக்குக்குத்தான் நல்ல சொல் தேவை. 'உச்சமற்ற நேரம்' என்பது மூலச் சொல்லின் நிழல். எது இல்லை என்று சொல்கிறதே ஒழிய எது இருக்கிறது என்று சொல்லவில்லை. 'நெரிசலற்ற நேரம்' ரயிலுக்குப் பொருந்தும், ஏனென்றால் அங்கே நெரிபடுவது மனிதர்கள். 'இரவுக் கட்டணம்' தவறு என்பதை மேலே பார்த்தோம், சனிக்கிழமைப் பிற்பகலும் ஆஃப்-பீக்தானே. பக்கத்து மொழிகளையும் பார்க்கலாம். ஆஃப்ரிகான்ஸில் பீக் நேரத்துக்கு 'ஸ்பிட்ஸ்டைட்', அதாவது முனை நேரம். ரீயூனியனில் இருக்கிற நம்மவர்கள் மின்கட்டணத்தில் பார்க்கிற பிரெஞ்சுச் சொல் 'எர் க்ரூஸ்', அதாவது குழிந்த நேரம். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டின் மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

நான் பரிந்துரைக்கும் சொல் 'தணிநேரம்'. தணிதல் என்றால் ஏறியது இறங்கி அமைவது. வெயில் தணிகிறது, தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது. இந்த நாட்டுத் தமிழர்களில் காவடி எடுக்கிற குடும்பங்கள் பல. முருகன் சினம் தணிந்து நின்ற மலைதான் திருத்தணி என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்கோட்டிலும் அதுதான் நடக்கிறது, சுமை ஏறி, அப்புறம் தணிகிறது. பகலோ இரவோ எப்போது தணிந்தாலும் அது தணிநேரம். இடையில் இருக்கிற ஸ்டாண்டர்டுக்கு 'இடைநேரம்' போதும். கட்டணத்தைக் குறிக்கிற 'டாரிஃப்' அரபு மொழியிலிருந்து இத்தாலிய வணிகர்கள் வழியாக வந்தது, 'அறிவித்தல்' என்பது மூலப்பொருள். அதற்கு நம்மிடம் 'கட்டணம்' இருக்கிறது, கூட ஒன்றும் தேவையில்லை. தணிநேரக் கட்டணம் என்று சொன்னால் வேலை முடிந்தது.

இனி வெந்நீர். கீசர் என்ற சொல்லும் ஊர் சுற்றி வந்ததுதான். ஐஸ்லாந்தில் தரையைப் பிளந்துகொண்டு பீறிடும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர் அது. 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மான் என்பவர் எரிவாயுவில் உடனடியாக நீர் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்து அதற்கு இந்தப் பெயரை வைத்தார். இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இன்றும் வெந்நீர்த் தொட்டிக்கு அதே பெயர்.

இங்கே வீடுகளில் சாதாரணமாக 150 லிட்டர் தொட்டியும் 3 கிலோவாட் எலிமெண்டும் இருக்கும். குளிர்காலத்தில் 15 டிகிரியில் வருகிற தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 8 யூனிட் ஆகும், நேரம் இரண்டே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு மணி நேரத் தணிநேரத்தில் இது தாராளமாக அடங்கும். நன்றாக மூடிய தொட்டி சூட்டைப் பல மணி நேரம் வைத்திருக்கும் என்பதால், வீட்டில் இருக்கிற எல்லாச் சாதனங்களிலும் தணிநேரத்துக்கு மிகப் பொருத்தமானது கீசர்தான். விலை குறைந்தபோது சூட்டை வாங்கிச் சேர்த்து வைக்கலாம், சோற்றை அப்படிச் சேர்க்க முடியாது. இதைத் தெரிந்துதான் பல நகராட்சிகள் வீடுகளுக்கு நேரக் கட்டணம் வருவதற்கு முன்பே கீசர் ஒயரில் ஒரு ரிலேயைப் பொருத்தி, மின்கம்பி வழியாகவே சைகை அனுப்பி, உச்சநேரத்தில் ஆயிரக்கணக்கான கீசர்களை ஒரேயடியாக அணைத்துவந்தன.

வீட்டில் இதைச் செய்கிற கருவி டைமர். டிபி என்கிற மின்பகிர்வுப் பெட்டியைத் திறந்தால் ஃபியூஸ் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வட்டத் தகடு இருக்கும். விளிம்பைச் சுற்றி 96 பிளாஸ்டிக் பற்கள், ஒரு பல்லுக்கு 15 நிமிடம். கீசர் எந்த நேரத்தில் ஓட வேண்டுமோ அந்த நேரத்துப் பற்களை நகத்தால் தள்ளிவிட வேண்டும், தகடு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதிகாலை 3 முதல் 5.45 வரை பதினொரு பற்கள் தள்ளினால் போதும். காலைக் குளியலுக்குத் தண்ணீர் தயார், குளிர்காலத்தில் 6 மணிக்கு உச்சநேரம் தொடங்குமுன் எலிமெண்ட் அணைந்துவிடும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் நள்ளிரவிலிருந்தே ஓடவிடுங்கள், வைகறையில் வரிசையாகக் குளிக்கிற வீட்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரச் சூடு பற்றாது.

இந்த டைமரில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. உள்ளே பேட்டரி இல்லாத வகையாக இருந்தால் மின்சாரம் போனதும் தகடு நின்றுவிடும். இரண்டு மணி நேர லோட் ஷெட்டிங் நடந்தால் டைமரின் கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்தங்கும். நீங்கள் 3 மணி என்று வைத்தது உண்மையில் 5 மணிக்குத் தொடங்கும், உச்சநேரத்துக்குள் போய் முடியும். மின்வெட்டு மும்முரமாக இருந்த 2022, 2023-ல் தணிநேரக் கணக்கெல்லாம் இப்படித்தான் பல வீடுகளில் தலைகீழானது. மின்சாரம் வந்ததும் டைமரின் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. சூட்டுநிலையை 60-க்குக் கீழே நெடுநாள் வைக்க வேண்டாம், வெதுவெதுப்பான தொட்டியில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும்.

கோயிலில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவருகிற ஓர் ஆயா கேட்டார்: "தம்பி, பத்து மணிக்கு மேலதான் நான் கீசர் போடுறேன். ஆனா பில் ஒண்ணும் இறங்கலையே?" அவர் வீட்டில் இருப்பது பிரீபெய்ட் மீட்டர். கார்டு வாங்கி எண்ணை அழுத்தி ஏற்றுகிற சாதாரண மீட்டருக்கு மணி என்ன என்று தெரியாது, எந்த நேரத்திலும் யூனிட்டுக்கு ஒரே விலை. "ஆயா, உங்க மீட்டருக்கு ராத்திரியும் பகலும் ஒண்ணுதான். குளிக்கிறதுக்கு முன்னாடி மட்டும் போட்டு அணைங்க" என்றேன். நேரக் கட்டணம் வேண்டுமென்றால் மணியறிந்து பதிகிற ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், எஸ்காமின் ஹோம்ஃப்ளெக்ஸ் போன்ற கட்டணத்தில் சேர்ந்திருக்கவும் வேண்டும். நகராட்சியிடம் மின்சாரம் வாங்குகிறவர்கள் தங்கள் நகராட்சியில் வீடுகளுக்கு அப்படி ஒரு கட்டணம் உண்டா, மணிக்கணக்கு எப்படி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நகராட்சியின் மணிக்கணக்கு இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது. ஆயாவின் வீட்டுக்கு டைமரைவிட, தொட்டியைச் சுற்றிப் போர்த்துகிற கீசர் போர்வை அதிகம் உதவும். பழைய தொட்டிகள் சும்மா நின்றே ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் அளவுக்குச் சூட்டை இழந்துவிடும்.

வீட்டைச் சூடாக்குவது வேறு கதை. பிரிட்டனில் 1978-ல் 'எகானமி 7' என்று ஏழு மணி நேர மலிவுக் கட்டணம் கொண்டுவந்தபோது, அதற்கு ஏற்றபடி உள்ளே கனத்த செங்கல் அடுக்கிய ஹீட்டர்கள் இருந்தன. இரவில் செங்கல் சூடேறும், பகல் முழுக்க அந்தச் சூடு மெல்ல வெளிவரும். தென்னாப்பிரிக்க வீடுகளில் அந்த வகை ஹீட்டர் அரிது. இங்கே இருப்பது ஆயில் ஹீட்டரும் ஃபேன் ஹீட்டரும். ஆயில் ஹீட்டர் அணைத்த பிறகு கொஞ்ச நேரம்தான் வெதுவெதுப்பைத் தாங்கும், ஃபேன் ஹீட்டர் அதுவும் இல்லை. நமக்குக் குளிர்கிறதோ சரியாக மாலை உச்சநேரத்தில். அதனால் நேரக் கட்டணத்தில் இருக்கிறவர்கள் மாலை 5 முதல் 8 வரை எரிவாயு ஹீட்டர் வைத்துக்கொள்வதும், திரைச்சீலையைப் பொழுது சாயுமுன் இழுத்து மூடுவதும், படுக்கும்போது 10 மணிக்கு மேல் மின்போர்வை போட்டுக்கொள்வதும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். எரிவாயு ஹீட்டர் எரிகிற அறையில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைத்திருங்கள், குழந்தைகள் தூங்கப் போகுமுன் அதை அணைத்துவிடுங்கள்.