கிலின் குதிரையும் இல்லை, யாளியும் இல்லை

சீனத் தொடர் ஒன்றின் தமிழ் ஒலிமாற்றத்தில், கிலின் என்ற சீனப் புராண விலங்குக்கு மறுபடியும் அந்த ‘ஒற்றைக்கொம்புக் குதிரை’. வேட்டையில் பிடிபட்ட விலங்கைப் பார்த்துக் கன்பூசியஸ் கண்ணீர் விடும் இடம், அதில் போய்க் குதிரை! மூன்றாவது தடவையாகக் காதில் விழுந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் சொல். மாண்டரினில் ‘சீலின்’, தென்சீன வழக்கான ஹொக்கியனில் ‘கீலின்’, ஜப்பானியத்தில் ‘கிரின்’. பழைய நூல்களில் பெரும்பாலும் வெறும் ‘லின்’தான். ‘கி’ ஆண், ‘லின்’ பெண் என்றும் பிரிப்பார்கள். ஆங்கில எழுத்தில் க்யூவைப் பார்த்து நம்மவர்கள் ‘கிலின்’ என்று படித்தது தற்செயலாக ஹொக்கியனுக்குப் பக்கத்தில் போய்விட்டது, அதனால் அதை விட்டுவிடலாம்.

குதிரை எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் யாரோ யூனிகார்ன் என்று எழுதினார்கள், நம் ஆள் அதைத் தமிழாக்கினார், மூலச் சொல்லை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சீன எழுத்தைப் பார்த்திருந்தாலே போதும்: இரண்டு எழுத்திலும் இடப்பக்கம் நிற்பது மானைக் குறிக்கும் உறுப்பு. எர்யா என்ற பழைய சொற்களஞ்சியம் மான் உடல், மாட்டு வால், ஒரு கொம்பு என்கிறது. கி.மு. 481இல் கன்பூசியஸின் சொந்த நாடான லூவில் அது பிடிபட்டபோது, அந்நாட்டு ஆண்டுக்குறிப்புக்கு எழுந்த பழைய கோங்யாங் உரையின்படி, வந்து சொன்ன ஆள் சொன்னதே ‘கொம்புள்ள மான்’ என்றுதான். நல்ல அரசன் ஆளும்போது மட்டுமே வர வேண்டிய விலங்கு, கெட்ட காலத்தில் வந்து வேட்டைக்காரர் கையில் சிக்கிவிட்டது. ‘யாருக்காக வந்தாய்?’ என்று கேட்டுக் கன்பூசியஸ் அழுகிறார். அந்த இடத்தில் யூனிகார்ன் என்று போட்டால் படிக்கிறவனுக்கு என்ன நினைவு வரும்? இன்றைக்கு அது வணிகச் செய்தியில் நூறு கோடி டாலர் நிறுவனத்தின் பெயர்.

ஒற்றைக் கொம்பைப் பிடித்துத் தொங்குவதும் வீண். பிற்காலச் சிலைகளில் இரண்டு கொம்பும் உண்டு, செதிலும் உண்டு, பெய்ஜிங் கோடை அரண்மனையில் இருப்பதைப் பாருங்கள். 1414இல் வங்காளத்திலிருந்து ஒட்டகச்சிவிங்கி சீனாவின் மிங் அரசவைக்குப் போனபோது, இதுதான் கிலின் என்று கொண்டாடினார்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு ஜப்பானில் இன்றும் கிரின் என்றே பெயர். அதன் கொம்பைத் தோல் மூடியிருக்கும். கிலினின் கொம்பு நுனியில் சதை இருக்கும், அதனால் குத்தாது, ஆயுதம் இருந்தும் தீங்கு செய்யாத விலங்கு என்று ஹான் கால உரையாசிரியர் ஹே சியூ எழுதியிருக்கிறார். எத்தனை கொம்பு என்பது பெரிய விஷயமே இல்லை, அது குத்தாது என்பதுதான் விஷயம்.

‘சீன யாளி’ என்று போடுகிற தனித்தமிழ் அன்பர்களும் உண்டு. கோயில் தூணில் கலப்பு உடலோடு நிற்கிறது, இங்கேயும் கலப்பு உடல், சரி, யாளி என்று முடித்துவிட்டார்கள். நானும் தூய தமிழ் வேண்டும் என்கிற கட்சிதான், ஆனால் சங்கப் பாட்டில் ஆளி, அதாவது யாளி, யானையையே அடித்து வீழ்த்தும் விலங்கு. இதுவோ உயிருள்ள புல்லை மிதிக்கக்கூட யோசிக்கும் என்கிறார்கள். தமிழ்ச் சொல் என்பதற்காக நேர் எதிரான விலங்கைக் கொண்டுவந்து நிறுத்துவதா?

என் பரிந்துரை ‘அருள்மான்’. கோங்யாங் உரை லின்னை ‘ரென்’ உள்ள விலங்கு என்கிறது; பிறர்மேல் பரிவு கொள்ளும் குணம், கன்பூசியஸ் நெறியின் தலையாய அறம். ரென் என்பதை ‘மனிதநேயம்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது, அதை ஒரு விலங்குக்குச் சூட்டிப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும். குறள் அன்புடைமையை ஒரு அதிகாரமாகவும் அருளுடைமையை வேறொரு அதிகாரமாகவும் வைத்திருக்கிறது: அன்பு நம்மவரிடம், அருள் எல்லா உயிரிடமும். கன்பூசியஸின் ரென் வீட்டாரிடம் தொடங்குவது, அந்த வகையில் அது அன்புக்குக் கிட்டே என்று யாராவது சண்டைக்கு வரலாம், வரட்டும். புல்லை மிதிக்காத விலங்குக்கு அருள்தான் பொருந்தும். முதல் தடவை ‘கிலின் என்னும் அருள்மான்’, அப்புறம் வெறும் கிலின்.

சடங்குக் குறிப்புகள் என்னும் ‘லி ஜி’ நான்கு தெய்வ விலங்குகளைச் சொல்கிறது: லின், ஃபெங் என்ற பறவை, ஆமை, ‘டிராகன்’ என்று எழுதப்படும் லோங். இதில் நம்மவர்கள் கையில் தப்பித்தது ஆமை மட்டும்தான். ஃபெங் பறவையைப் ‘பீனிக்ஸ்’ என்று எழுதி, சாம்பலிலிருந்து எழுந்தது என்று அடிக்குறிப்பும் சேர்த்த ஒரு மொழிபெயர்ப்பு என் அலமாரியில் இருக்கிறது. அது எந்தச் சாம்பலிலிருந்தும் எழவில்லை ஐயா.